கதிர்பட்ட கிராபீனும் உலைச் சூடும்: எது நீங்குகிறது, எது உருமாறுகிறது

கதிர்வீச்சுக்கு உட்படுத்திய கிராபீன் மாதிரியை 400 டிகிரி செல்சியசில் காய்ச்சி ஆற்றினோம். ராமன் நிறமாலையில் டி முகடு தாழ்ந்தது. ஆகவே குறைபாடுகள் நீங்கிவிட்டன. வேலூர், காட்பாடி வட்டாரத்தில் இயற்பியலும் பொருளறிவியலும் படிக்கும் முதுநிலை மாணவர்களின் திட்ட அறிக்கைகளில் இந்த மூன்று கூற்றுகளும் இதே வரிசையில் வருவதை எளிதாகக் காணலாம். கிராபீன் என்பது ஒரே அணுவின் தடிமன் கொண்ட கார்பன் படலம்; டி முகடு என்பது ஒளிச்சிதறலை அளக்கும் ராமன் நிறமாலையில் குறைபாடு இருந்தால் எழும் முகடு; காய்ச்சி ஆற்றுவதையே ஆங்கிலத்தில் அனீலிங் என்கிறார்கள். முதல் இரண்டு கூற்றுகளும் செய்ததையும் பார்த்ததையும் சொல்கின்றன. மூன்றாவது ஓர் அனுமானம். பல வேளைகளில் அது தவறான அனுமானமும் ஆகும். வெப்பம் அணுக்களுக்கு நகரும் ஆற்றலைத் தருமே தவிர, படலத்தை விட்டுப் பறந்துபோன கார்பன் அணுவைத் திரும்பக் கொண்டுவராது. ஆகவே சூடாக்கியபின் அளவீடு மேம்பட்டால், அணு திரும்பியதா, அல்லது இருக்கிற குறைபாடு வேறு வடிவம் எடுத்ததா என்பதைத் தனியே கேட்டாக வேண்டும்.

இந்த அனுமானம் நம் வட்டாரத்தில் இயல்பாக எழுவதற்கு ஒரு காரணம் உண்டு. இராணிப்பேட்டையில் கொதிகலன் துணைக் கருவிகள் செய்யும் பெல் ஆலையும், அதைச் சுற்றி வளர்ந்த பற்றவைப்புப் பட்டறைகளும் இருப்பதால், பற்றவைத்த எஃகை ஏறத்தாழ 600 டிகிரிக்குச் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால் உள்ளிறுக்கம் தளரும் என்பது பொறியியல் படிக்காதவர்களுக்கும் தெரிந்த செய்தி. அனீலிங் என்ற சொல்லும் பட்டறைப் பேச்சில் சாதாரணமாகப் புழங்குகிறது. ஆனால் எஃகு முப்பரிமாணப் பொருள். அதில் ஓர் அணுவின் இடம் காலியானால், அந்தக் காலியிடம் நகர்ந்து போய் மறைவதற்குப் படிகத்துகள் எல்லைகளும், இடப்பெயர்வுக் கோடுகளும், புறப்பரப்பும் எல்லாத் திசைகளிலும் அருகிலேயே இருக்கின்றன. கிராபீன் ஒரே ஓர் அணுவின் தடிமன் கொண்டது. அதில் காலியிடம் நகர்ந்தால் அந்தத் தளத்துக்குள்ளேயேதான் நகரும். நல்ல மாதிரியில் அது மறைவதற்குரிய விளிம்பு மைக்ரோமீட்டர் கணக்கில் தொலைவில் இருக்கும். எஃகில் சரியாக இருக்கும் உள்ளுணர்வு இங்கே வழுக்கிவிடுவது இதனால்தான்.

கிராபீனைப் பற்றிய அடிப்படைச் செய்திகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நொவோசெலோவ் ஆகியோர் 2004-இல் இதைத் தனிப் படலமாகப் பிரித்துக் காட்டினார்கள்; 2010-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒவ்வொரு கார்பன் அணுவும் மூன்று அண்டை அணுக்களோடு 0.142 நானோமீட்டர் நீளமுள்ள சகப்பிணைப்புகளால் இணைந்து, தேன்கூட்டு வடிவ அறுகோண வலையாக அமைகிறது. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 3,800 லட்சம் கோடி அணுக்கள் இருக்கின்றன. அந்தப் பரப்பில் ஒரு லட்சம் கோடி குறைபாடுகள் உண்டானால், அது 3,800 அணுக்களுக்கு ஒன்று என்ற விகிதம்தான். அதுவே மின்கடத்தலைக் கணிசமாகக் கெடுக்கப் போதுமானது.

இந்த வலையிலிருந்து ஓர் அணுவைப் பெயர்க்க அதற்கு ஏறத்தாழ 20 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தர வேண்டும். வந்து மோதும் துகள் எவ்வளவு ஆற்றலோடு வருகிறது என்பதைவிட, மோதலில் கார்பன் அணுவுக்கு எவ்வளவு கைமாறுகிறது என்பதே இங்கு முக்கியம். எலெக்ட்ரான் மிக இலேசானது. 80 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு நேருக்கு நேர் மோதினாலும் அது கார்பனுக்கு அதிகபட்சம் 15.8 எலெக்ட்ரான் வோல்ட்தான் தரும். 100 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் வந்தால் 20.1 தரும். ஊடுருவு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கிராபீனைப் பார்ப்பவர்கள் 80 கிலோவோல்ட்டுக்கு மேல் போகத் தயங்குவது இந்தக் கணக்கால்தான். அயனிகளின் கதை வேறு. கார்பனோடு ஒப்பிடத்தக்க நிறை கொண்ட அயனி சில நூறு எலெக்ட்ரான் வோல்ட்டிலேயே அணுவை எளிதாகத் தூக்கி எறிந்துவிடும். நம் பகுதி ஆராய்ச்சி மாணவர்கள் மாதிரிகளில் அயனி பாய்ச்ச நினைத்தால், அருகில் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் முடுக்கிகள் இருக்கின்றன. உயர் ஆற்றல் கனஅயனிகள் வேண்டுமென்றால் தில்லியில் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கென்றே இயங்கும் முடுக்கி மையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாய்ச்சும் வேலை அங்கே முடிந்துவிடும். காய்ச்சி ஆற்றும் வேலை பெரும்பாலும் கல்லூரி ஆய்வகத்துக் குழாய் உலையில் நடக்கும்.

மோதலுக்குப் பிறகு படலத்தில் என்னென்ன எஞ்சியிருக்கும் என்பதுதான் சூடாக்கலின் பலனைத் தீர்மானிக்கிறது. பெயர்ந்த அணு வெளியே பறந்துவிட்டால் ஒற்றைக் காலியிடம் உண்டாகும். அதைச் சுற்றியுள்ள மூன்று அணுக்களில் இரண்டு தமக்குள் வலுவற்ற பிணைப்பை ஏற்படுத்திக்கொள்ள, மூன்றாவது அணு ஒரு பிணைப்பு தொங்கிய நிலையில் தனித்து நிற்கும். ஐந்து பக்க வளையமும் ஒன்பது பக்க வளையமும் அடுத்தடுத்து அமையும். அணு முழுதாக வெளியேறாமல் படலத்தின் மேலேயே தங்கிவிட்டால் அது ஒட்டணு. அடுத்தடுத்த இரண்டு அணுக்கள் காணாமல் போனால் இரட்டைக் காலியிடம். அதில் தொங்கும் பிணைப்பு எதுவும் இராது, ஐந்து, எட்டு, ஐந்து பக்க வளையங்களாக வலை தன்னை மூடிக்கொள்ளும். எந்த அணுவும் வெளியேறாமல் ஒரு பிணைப்பு மட்டும் 90 பாகை திரும்பி, நான்கு அறுகோணங்கள் இரண்டு ஐங்கோணங்களாகவும் இரண்டு எழுகோணங்களாகவும் மாறினால் அது ஸ்டோன்–வேல்ஸ் குறைபாடு. இவற்றோடு ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் படலத்தில் பிணைந்து நிற்பதும் உண்டு. சூட்டுக்கு இவை எல்லாம் ஒரே விதமாகப் பணிவதில்லை.

ஒரு குறைபாடு ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவக் கடக்க வேண்டிய ஆற்றல் தடையைத் தெரிந்துகொண்டால், பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் வரும் அர்ரீனியஸ் சமன்பாட்டைக் கொண்டே பாதிக் கதையைக் கணக்கிட்டுவிடலாம். அணு நொடிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் கோடி முறை அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒட்டணுவின் தடை ஏறத்தாழ 0.4 எலெக்ட்ரான் வோல்ட். 27 டிகிரி செல்சியசிலேயே அது நொடிக்கு இருபது லட்சம் முறை அளவில் தாவிக்கொண்டிருக்கும். அதாவது, அருகில் காலியிடம் இருந்தால் உலைக்குப் போவதற்கு முன்பே அது போய் அடைந்திருக்கும். ஒற்றைக் காலியிடத்தின் தடை கணக்கீடுகளின்படி ஏறத்தாழ 1.3 எலெக்ட்ரான் வோல்ட். 27 டிகிரியில் அது ஒரு முறை தாவ 22 ஆண்டுகள் ஆகும். வேலூரின் கத்திரி வெயில் 42 டிகிரியைத் தொடும் நாளில், அந்தச் சூடு நிலைத்து நிற்குமானால், காத்திருப்பு இரண்டு ஆண்டுகளாகச் சுருங்கும். வெறும் 15 டிகிரி வேறுபாடு காலத்தைப் பதினொன்றில் ஒரு பங்காக்கிவிடுகிறது. 200 டிகிரியில் ஏழு நொடிக்கு ஒரு தாவல். 300 டிகிரியில் நொடிக்கு முப்பத்தேழு தாவல். இவை துல்லியமான அளவீடுகள் அல்ல, தடையின் மதிப்பு சிறிது மாறினாலும் எண்கள் பெரிதும் மாறும். ஆனால் 200 முதல் 300 டிகிரிக்குள் ஒற்றைக் காலியிடங்கள் நடமாடத் தொடங்கிவிடுகின்றன என்பதை இவை தெளிவாகவே காட்டுகின்றன.

நடமாடத் தொடங்கியபின் அவை எங்கே போகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். ஒரு ஒற்றைக் காலியிடத்தை உண்டாக்க ஏறத்தாழ 7.5 எலெக்ட்ரான் வோல்ட் ஆகிறது. இரண்டைத் தனித்தனியே உண்டாக்கினால் 15 ஆகும். ஆனால் ஓர் இரட்டைக் காலியிடத்தை உண்டாக்க ஏறத்தாழ 8 எலெக்ட்ரான் வோல்ட்தான் ஆகிறது. அலைந்துகொண்டிருக்கும் இரண்டு ஒற்றைக் காலியிடங்கள் சந்தித்து ஒன்றானால் ஏழு எலெக்ட்ரான் வோல்ட் மிச்சமாகும் என்பதால், சேர்ந்தவை மறுபடி பிரியப் போவதில்லை. சேர்ந்தபின் அவை நகரப் போவதும் இல்லை: இரட்டைக் காலியிடத்தின் நகர்வுத் தடையும் ஏறத்தாழ 7 எலெக்ட்ரான் வோல்ட். அதே கணக்கை 1,000 டிகிரி செல்சியசில் போட்டுப் பார்த்தால், ஒரு தாவலுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகள் என்று வருகிறது. 2,000 டிகிரிக்குப் போனால்தான் அது நிமிடக் கணக்குக்கு இறங்கும். கல்லூரி ஆய்வகத்துக் குழாய் உலை 1,000 அல்லது 1,200 டிகிரியோடு நின்றுவிடும். கார்பனை முழுதாகக் கிராபைட்டாக்கும் தொழிலில் 2,500 டிகிரிக்கு மேல் போகிறார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

ஆகவே 300, 400 டிகிரியில் காய்ச்சி ஆற்றும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான்: எஞ்சியிருந்த ஒட்டணுக்கள் சில காலியிடங்களை உண்மையாகவே நிரப்புகின்றன, மற்றக் காலியிடங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து உறைந்துவிடுகின்றன. காணாமல் போன அணுக்களின் எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. குறைபாடுகளின் எண்ணிக்கை பாதியாகலாம், அவற்றின் குணமும் மாறிவிடும். ஒற்றைக் காலியிடத்தின் தொங்கும் பிணைப்பு ஒரு காந்தத் திருப்புத்திறனைத் தாங்கி நிற்கும். எலெக்ட்ரான்களையும் கடுமையாகச் சிதறடிக்கும். மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு 2009-இல் 500 எலெக்ட்ரான் வோல்ட் நியான், ஹீலியம் அயனிகளைப் பாய்ச்சி அளந்தபோது, அயனிகள் உண்டாக்கிய குறைபாடுகள், அதே அடர்த்தியில் உள்ள மின்னூட்ட மாசுகளைப்போல் நான்கு மடங்கு அளவுக்கு எலெக்ட்ரான்களின் இயக்க எண்ணை, அதாவது மின்புலத்தில் அவை எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்பதன் அளவை, குறைத்தன. தொங்கும் பிணைப்பு மறைந்து வலை மூடிக்கொண்டால் இந்தத் தொல்லையில் ஒரு பகுதி குறைவது இயல்பு. அணு ஒன்றுகூடத் திரும்பாமலேயே மின்தடை இறங்கலாம். காந்தக் குறியீடு மங்கலாம்.

இனி ராமன் நிறமாலைக்கு வருவோம். சி. வி. ராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறல்தான் இன்று உலகெங்கும் கிராபீனின் தரத்தை ஒரே நிமிடத்தில் சொல்லும் கருவியாக இருக்கிறது. நல்ல கிராபீனில் 1580 அலை எண்ணருகே ஜி முகடும், 2700 அருகே 2டி முகடும் தெரியும். குறைபாடு இருந்தால் 1350 அருகே டி முகடு எழும். டி-க்கும் ஜி-க்கும் உள்ள விகிதத்தைக் குறைபாட்டின் அளவாகக் கொள்வது வழக்கம். அந்த விகிதம் குறைபாடுகளோடு தொடர்ந்து ஏறிக்கொண்டே போவதில்லை என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். குறைபாடுகளுக்கிடையே உள்ள சராசரித் தொலைவு பத்து, இருபது நானோமீட்டராக இருக்கும்வரை, குறைபாடு பெருகப் பெருக விகிதமும் ஏறும். தொலைவு 3 அல்லது 4 நானோமீட்டர் அளவுக்குச் சுருங்கும்போது அது உச்சத்தைத் தொட்டு, அதற்குமேல் குறைபாடு கூடக்கூட இறங்கத் தொடங்கும். ஒளியைச் சிதறடிக்க வேண்டிய ஒழுங்கான வலையே மிஞ்சாமல் போவதுதான் காரணம். மிகுந்த அளவு அயனி வாங்கிய மாதிரியைச் சூடாக்கும்போது டி விகிதம் ஏறினால், அது சீரழிவாக இருக்க வேண்டியதில்லை. உச்சத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் நோக்கி மாதிரி திரும்பிக்கொண்டிருக்கலாம். விகிதம் இறங்கியது என்பதாலேயே நலம் என்று எழுதுவதும் அதே அளவுக்கு ஆபத்தானது. எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதை முகடுகளின் அகலமும், 2டி முகடு உயிரோடு இருக்கிறதா என்பதும் சொல்லும். முகடுகள் கூர்மையாகி 2டி எழுந்தால்தான் ஒழுங்கு மீள்கிறது என்று கொள்ளலாம். அறிக்கையில் விகிதத்தை மட்டும் அட்டவணையிட்டு அகலத்தை விட்டுவிடுவது, என் பார்வையில், பாதி அளவீட்டைக் குப்பையில் போடுவதற்குச் சமம்.

குறைபாட்டின் வகையைப் பற்றியும் ராமன் நிறமாலை ஒரு குறிப்புத் தரும். 1620 அருகே டி பிரைம் என்ற சிறு முகடு உண்டு. டி-க்கும் இதற்கும் உள்ள விகிதம் காலியிடங்களுக்கு ஏறத்தாழ 7 என்றும், ஹைட்ரஜன் போன்றவை பிணைந்து உண்டாக்கிய குறைபாடுகளுக்கு 13 என்றும், படிகத்துகள் எல்லைகளுக்கு 3.5 என்றும் 2012-இல் மான்செஸ்டர் குழு காட்டியது. இந்த வேறுபாடு சூடாக்கல் ஆய்வில் மிகவும் பயன்படும். 30 கிலோவோல்ட் அளவில் இயங்கும் சாதாரண வருடு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தாலே கிராபீனில் டி முகடு எழுவதுண்டு. அந்த ஆற்றலில் எலெக்ட்ரானால் எந்தக் கார்பன் அணுவையும் பெயர்க்க முடியாது. அங்கே நடப்பது பரப்பில் உள்ள நீர், கரிமக் கறைகள் உடைந்து அவற்றின் துண்டுகள் படலத்தில் பிணைவது. இவற்றைச் சூடாக்கினால் உண்மையாகவே கழன்றுபோகும். ஹைட்ரஜனேற்றிய கிராபீன் 450 டிகிரியில் ஆர்கான் வாயுச்சூழலில் ஒருநாள் காய்ச்சியபின் ஏறத்தாழ பழைய நிலைக்கு மீண்டதை 2009-இல் மான்செஸ்டரிலேயே காட்டினார்கள். இது மீட்சிதான், ஆனால் இங்கே வலையிலிருந்து அணு எதுவும் முதலில் தொலையவே இல்லை. தொங்கவிட்ட கிராபீனில் மின்னோட்டம் செலுத்திச் சூடாக்கி, 2008-இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு இரண்டு லட்சம் (சதுர சென்டிமீட்டர்/வோல்ட்-நொடி) அளவிலான இயக்க எண் பெற்றதும் பெரும்பாலும் அழுக்கு நீங்கியதன் விளைவே. கழுவியதையும் தைத்ததையும் ஒரே சொல்லால் குறிப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

சூடாக்குவதே புதிய சிக்கல்களையும் கொண்டுவரும். காற்றில் காய்ச்சினால் 450 டிகிரி அளவிலேயே ஒற்றை அடுக்குக் கிராபீனை ஆக்சிஜன் அரித்துக் குழியாக்கத் தொடங்கும். ஏற்கெனவே காலியிடம் உள்ள இடத்தில் அரிப்பு இன்னும் எளிது. வெற்றிடமோ, ஆர்கானோடு சிறிது ஹைட்ரஜன் கலந்த சூழலோ தேவைப்படுவது இதற்காகத்தான். உலை நடுவில் மின்சாரம் நின்று வாயு ஓட்டமும் நின்றுவிட்டால், அந்த மாதிரியின் முடிவுகளை ஒதுக்கிவிடுவதே நல்லது. சிலிக்கா தளத்தின் மேல் கிடக்கும் கிராபீன் சூட்டில் தளத்தோடு இன்னும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். ஆறும்போது படலமும் தளமும் ஒரே விதமாகச் சுருங்காததால் உள்ளிறுக்கம் எழும். வெளியே எடுத்தபின் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நீரும் அதில் மின்னூட்டம் ஏற்றும். இவை எல்லாம் ஜி, 2டி முகடுகளை இடம் நகர்த்தும். கதிர் படாத கிராபீன் துண்டு ஒன்றை அதே படகில் (மாதிரியை உலைக்குள் தாங்கும் சிறு தட்டில்) வைத்து அதே உலையில் அதே நேரம் காய்ச்சினால்தான், எந்த மாற்றம் குறைபாட்டால் வந்தது, எது உலையால் வந்தது என்று பிரிக்க முடியும்.

ஒற்றை அடுக்கைவிட்டுப் பல அடுக்குகளுக்குப் போனால் நிலைமை மாறுகிறது. அடுக்குகளுக்கிடையே 0.335 நானோமீட்டர் இடைவெளி இருப்பதால், பெயர்ந்த அணு பறந்துபோகாமல் இரண்டு தாள்களுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறது. வேதியியல் பாடத்தில் வரும் ஃபிரெங்கல் இணை இதுவே: ஒரு காலியிடம், அதன் அருகிலேயே அதன் அணு. இங்கே தொலைந்த அணு கைக்கெட்டும் தொலைவில் இருப்பதால் சூடாக்கல் உண்மையான மீட்சியைத் தருகிறது, அதோடு சேமித்து வைத்திருந்த ஆற்றலையும் வெளிவிடுகிறது. இயற்பியலாளர் யூஜின் விக்னர் முன்னுணர்ந்து சொன்ன இந்த ஆற்றல், குறைந்த வெப்பநிலையில் கதிர்பட்ட கிராபைட்டில் 200 டிகிரி அருகே பெருமளவில் வெளிப்படும். பிரிட்டனின் விண்ட்ஸ்கேல் முதல் அணு உலையில் அதைக் கட்டுப்பாட்டோடு வெளியேற்றுவதற்காக 1957 அக்டோபர் 7 அன்று கிராபைட்டைக் காய்ச்சத் தொடங்கினார்கள். 10 அன்று உலைக்குள் தீப்பற்றியிருப்பது தெரியவந்தது. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் கிராபைட்டுக்குப் பதில் கனநீரை, நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் வேகத்தணிப்பானாகக் கொண்டது என்பதால் அங்கே இந்தச் சிக்கலுக்கு இடமில்லை. கிராபைட்டில் கிடைத்த இந்தப் பழைய அனுபவத்தை அப்படியே ஒற்றை அடுக்குக்குப் பொருத்துவதும் நாம் பேசும் தவறான அனுமானத்துக்கு இன்னொரு ஊற்று.

ஒற்றை அடுக்கில் ஓட்டையை அடைக்க வேண்டுமானால் வெளியிலிருந்து கார்பன் தர வேண்டும். மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2012-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் கிராபீனில் விழுந்த துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அருகில் கார்பன் அணுக்கள் கிடைத்தால் துளை தானே மூடிக்கொள்வதைக் கண்டார்கள். மூடிய இடத்தில் சில வேளை முழு அறுகோணங்களும், சில வேளை ஐங்கோண, எழுகோணக் கலவையும் அமைந்தன. உலையில் இதைச் செய்ய மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் போன்ற வாயுக்களைச் சிறிதளவு கலந்து ஓடவிடுகிறார்கள். செம்பு போன்ற உலோகத் தளம் இருந்தால் அது வாயுவை உடைத்துக் கார்பனை விடுவிக்க உதவும். வாயு கூடிவிட்டால் ஓட்டையை அடைப்பதோடு நிற்காமல் பரப்பெங்கும் ஒழுங்கற்ற கரி படியும் என்பதால், அளவு தெரிந்து செய்ய வேண்டிய வேலை இது.

ஓட்டையை மூடுவதே எப்போதும் நோக்கம் என்றும் சொல்ல முடியாது. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்பைப் பிரிப்பது பாலாற்றங்கரையின் தீராத தலைவலி. இன்று அதற்கு எதிர்ச்சவ்வூடு பரவல் சவ்வுகளையே நம்பியிருக்கிறோம். நானோமீட்டருக்கும் குறைந்த துளைகள் கொண்ட கிராபீன் படலம் நீரை விட்டு உப்பைத் தடுக்கும் என்பதை 2015-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் ஆக்சிஜன் பிளாஸ்மாவால் துளையிட்ட ஒற்றை அடுக்கில் காட்டியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் காலியம் அயனிகளால் முதலில் சிறு குறைபாடுகளை விதைத்து, பிறகு ஆக்சிஜனேற்ற அரிப்பால் அவற்றை வேண்டிய அளவுக்கு விரிக்கும் முறையைக் கையாண்டார்கள். இவை இன்னும் ஆய்வக அளவிலானவை. ஆலைக் கழிவுநீரின் அழுத்தத்தையும் அழுக்கையும் தாங்கும் பெரும் சவ்வாக அவை மாறுவதற்கு நெடுந்தொலைவு இருக்கிறது. ஆனால் அத்தகைய சவ்வைச் செய்ய முனைபவருக்கு, மின்கருவி செய்பவர் அஞ்சும் அதே இரண்டு பண்புகள், அதாவது காலியிடங்கள் ஒன்றுகூடிப் பெரிதாவதும், பெரிதானவை ஆயிரம் டிகிரியிலும் அசையாமல் நிற்பதும், வேண்டிய பண்புகளாகிவிடுகின்றன; அவர் உலையில் ஓடவிட வேண்டிய வாயு எத்திலீன் அல்ல, அளந்து விட்ட ஆக்சிஜன்.